மருத்துவமனைத் தொண்டுக்குப் போகும் மாணவர்களுக்கு: இலக்கு வைப்பது எப்படி?

தொண்டு செய்ய வந்த முதல் நாள் பெரும்பாலான மாணவர்கள் தூணோரமாக நிற்பார்கள். சுற்றிலும் எல்லோருக்கும் வேலை இருக்கும். சிஸ்டர் ஓடுவார், அட்டெண்டர் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போவார், கையில் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு தாத்தா எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பார். நமக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியாது. மூன்றாவது வாரம் ஏதோ காரணம் சொல்லி நின்றுவிடுவோம்.

நானும் அப்படித்தான் நின்றேன். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் கல்லூரிக் காலம் முழுக்க, வாரம் ஒரு காலை போய்வந்தேன். இப்போது புதிதாக வரும் மாணவர்களைக் கூட்டிப்போய்ப் பழக்கிவிடுகிறேன். அவர்களிடம் முதலில் பேசுவது இலக்கைப் பற்றித்தான், ஏனென்றால் நான் அதைத் தப்பாக வைத்துத் தொடங்கியவள்.

முதல் நாள் இரவு என் நோட்டில் எழுதியது: 'இந்த வருடம் 120 மணி நேரம்.' என்.எஸ்.எஸ்.ஸில், அதாவது கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில், இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் கணக்கு, அதில் பாதி. இரண்டு மாதத்தில் 30 மணி நேரம் சேர்ந்துவிட்டது. அந்த 30 மணி நேரத்தில் யாருக்கு என்ன செய்தாய் என்று வீட்டில் அப்பா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்பது தெரிந்தது. யாருடைய அலைச்சல் என்னால் குறைந்தது என்று தெரியவில்லை. அலைச்சல், காத்திருப்பு, பயம், இந்த மூன்றில் ஒன்றாவது ஒரு நோயாளிக்குக் குறைய வேண்டும். இலக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சேர்வதற்கு முன்

அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய் 'தொண்டு செய்ய வந்திருக்கிறேன்' என்று நிற்காதீர்கள். கல்லூரியின் என்.எஸ்.எஸ். அலுவலரிடமோ யூத் ரெட் கிராஸ் பொறுப்பாளரிடமோ கடிதம் வாங்குங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் கடிதம் டீனுக்கு. அன்றாட ஏற்பாடுகளுக்குப் பெரும்பாலும் ஆர்.எம்.ஓ.வைத்தான் பார்க்கச் சொல்வார்கள், அதாவது நிலைய மருத்துவ அலுவலரை. தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளில் வரவேற்பில் கேட்டாலே யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதமும் கொண்டுபோங்கள். அப்படியும் சில இடங்களில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

தடுப்பூசி அட்டையை வீட்டில் தேடி எடுங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி பெரியவர்களுக்கு மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அட்டையில் எது விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மருத்துவமனை? பக்கத்தில் இருப்பது. பேருக்காகத் தூரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். திருவொற்றியூரில் வீட்டை வைத்துக்கொண்டு நகரின் இன்னொரு கோடியில் இருக்கும் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனைக்குப் போவேன் என்றால் எத்தனை வாரம் போவீர்கள்? ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறதே. உங்களுக்கு என்ன மொழி தெரியும் என்பதையும் யோசியுங்கள். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்கு நெல்லூர், சித்தூர் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கி நேராக வருகிறவர்கள் உண்டு. தெலுங்கு தெரிந்த மாணவருக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது. குழந்தைகளோடு பழகத் தெரிந்தவருக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. கட்டுமான வேலைக்கு வந்த வட மாநிலத் தொழிலாளர்கள் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். நாலு வாக்கியம் ஹிந்தி பேசத் தெரிந்தால்கூட அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

முதல் மூன்று வாரம் இலக்கே வேண்டாம்

இதைச் சொன்னால் மாணவர்களுக்குப் பொறுக்காது. வந்த அன்றே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடிப்பார்கள். ஆனால் என்ன தேவை என்று தெரியாமல் வைக்கும் இலக்கு நமக்காக வைக்கும் இலக்காகத்தான் இருக்கும்.

அந்த மூன்று வாரத்தில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ஒரு நோயாளி நடக்கும் வழியை நீங்களே நடந்து பாருங்கள். ஓபி சீட்டு வாங்கும் இடத்தில் தொடங்கி, டாக்டர் அறை, ரத்தம் கொடுக்கும் இடம், எக்ஸ்ரே, ரிசல்ட் வாங்கும் கவுண்டர், மருந்து கவுண்டர் வரை. எத்தனை படி, எங்கே லிப்ட், எங்கே சரிவுப் பாதை, எங்கே உட்கார பெஞ்ச் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் ஒரு சீட்டுக்கு மூன்று கட்டடம் ஏறி இறங்க வேண்டிவரும். ஜி.எச்.சில் 'டவர் பிளாக்குக்குப் போங்க' என்று யாராவது சொன்னால் நமக்குப் புரியும். உளுந்தூர்பேட்டையிலிருந்து முதல்முறை வந்த அம்மாவுக்கு என்ன புரியும்?

இரண்டாவது வேலை, கேள்விகளை எண்ணுவது. ஓபி பக்கம் ஒரு மணி நேரம் நில்லுங்கள். யார் என்ன கேட்டாலும் நோட்டில் அந்தக் கேள்விக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். நான் அப்படிப் போட்டபோது 'டாக்டர் எங்கே' என்ற கேள்விதான் முதலில் வரும் என்று நினைத்தேன். அதிகக் கோடு விழுந்தது 'பாத்ரூம் எங்கே' என்பதற்கு. அடுத்தது 'ரத்தம் கொடுத்தாச்சு, ரிசல்ட் எங்க வாங்கணும்?' இந்த இரண்டையும் நான் என் அறையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

வழி சொல்வதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு தப்பு. இரண்டாவது வாரமே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்து, முட்டி வலியோடு வந்த ஒரு பாட்டியிடம் 'பின்னாடி கட்டடத்துல முதல் மாடி' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கவுண்டரை அந்த வாரம்தான் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பாட்டி மாடி ஏறி, இறங்கி, விசாரித்துச் சரியான இடத்துக்குப் போனபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, 'பரவால்ல கண்ணு, நாளைக்கு வரேன்' என்றார். திருவள்ளூரிலிருந்து வருகிறவர். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை தொடங்கும் முன் கவுண்டர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நிற்பேன். பத்து நிமிடம் ஆகும். நீங்களும் அதைச் செய்யுங்கள். தெரியாத கேள்விக்கு 'கொஞ்சம் இருங்கம்மா, கேட்டுட்டு வரேன்' என்று சொல்லிப் பழகுங்கள்.

இலக்கை எழுதுவது

மூன்று வாரம் முடிந்ததா? சரி, இப்போது எழுதலாம். நான்கு விஷயம் அதில் இருக்க வேண்டும்: யாருக்கு, என்ன வேலை, எத்தனை, எதுவரை. எழுதி முடித்ததும் ஐந்தாவதாக உங்களையே கேளுங்கள்: இதைச் செய்ய எனக்கு அனுமதி இருக்கிறதா?

'முதியோருக்கு உதவுவேன்' என்று ஒரு மாணவர் எழுதிவந்தார். நல்ல மனசுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எந்தப் பக்கம் நடப்பது? உட்கார்ந்து பேசி அதை இப்படி மாற்றினோம்: 'சனிக்கிழமை 8 முதல் 11 மணிவரை, துணையில்லாமல் வரும் முதியவர்களில் மூன்று பேரை ஓபி சீட்டு வாங்குவதிலிருந்து மருந்து கவுண்டர்வரை கூடவே இருந்து கூட்டிப்போவேன். ஜூலை கடைசி வாரம்வரை.' அவருக்கு மூன்று என்பது குறைவாகப் பட்டது, பத்து என்று போடலாமே என்றார். ஒருவரோடு முழு வழியும் போனால் ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும், கூட்டம் இருந்தால் இன்னும் கூடும். பத்து என்று எழுதினால் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டிவரும். எண்ணிக்கையைப் பார்க்கிறவர் நாம், மூச்சு வாங்குகிறவர் அவர்.

குழந்தைகள் வார்டில் 'குழந்தைகளைச் சிரிக்க வைப்பேன்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தை நமக்காகச் சிரிக்க வேண்டியதில்லை. 'சிஸ்டரைக் கேட்டு, விழித்திருக்கும் இரண்டு குழந்தைகளுக்கு இருபது நிமிடம் கதை சொல்வேன்' என்று எழுதலாம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். அதுவும் அந்த இருபது நிமிடத்தில் சேர்ந்ததுதான். பொம்மை கொண்டுபோவதாக இருந்தால் துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பிளாஸ்டிக் பொம்மை மட்டும், அதையும் கேட்டுக்கொண்டு. பஞ்சுப் பொம்மை ஒரு குழந்தையின் கிருமியை இன்னொரு குழந்தைக்குக் கொண்டுபோகும்.

அட்மிஷன் ஆன குடும்பங்களின் பெரிய அலைச்சல் காகிதத்தில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது என்று பலருக்குத் தெரியும், அதற்கு எதை எடுத்துவர வேண்டும் என்று தெரியாது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று என்று ஒவ்வொன்றுக்காக ஊருக்குப் போய்த் திரும்புவார்கள். அதற்கு ஓர் இலக்கு: 'மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு, வேண்டிய தாள்களின் பட்டியலைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வேன். வாரம் இரண்டு குடும்பங்களை அந்தப் பிரிவுவரை கூட்டிப்போவேன்.' பட்டியலை நீங்களாக எழுத வேண்டாம், அங்கே கேட்டே எழுதுங்கள். 'கண்டிப்பா கிடைச்சிடும்' என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. கிடைக்காமல் போனால் அந்தக் குடும்பம் நம்மை நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் இருந்திருக்கும்.

மொழி தெரிந்தவர்கள் வழிகாட்டலாம், சாப்பாடு எங்கே, கழிப்பறை எங்கே என்று சொல்லலாம். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் இடத்தில், நோயின் பெயரைச் சொல்லும் இடத்தில் மொழிபெயர்க்க நிற்காதீர்கள். ஒரு சொல் தவறினால் அதன் விலை நம்முடையதாக இருக்காது.

இவற்றோடு உங்களுக்காக ஒரு கற்றல் இலக்கும் வையுங்கள். வீல்சேர் தள்ளுவது ஒரு வித்தை. உட்கார வைக்கும்போதும் எழுப்பும்போதும் இரண்டு பக்கமும் பிரேக் போட வேண்டும், கால் வைக்கும் தகட்டை மடக்கிவிட வேண்டும். சரிவில் இறங்கும்போது பின்பக்கமாக, நாம் முன்னால் இறங்க வண்டி நம்மை நோக்கி வரும்படி, மெதுவாக இறக்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் சரிந்து விழலாம். காலி வீல்சேரில் நண்பரை உட்கார வைத்து இரண்டு நாள் பழகிவிட்டு, வார்டு ஆட்கள் சொன்ன பிறகு நோயாளியைத் தொடுங்கள்.

சிஸ்டரிடம் காட்டுங்கள்

நான் மூன்று இலக்கு எழுதி வார்டு சிஸ்டரிடம் காட்டினேன். அவர் இரண்டை அடித்துவிட்டார். முதலில் முகம் வாடிப்போனது. அப்புறம் அவரே அடியில் ஒரு வரி எழுதினார்: 'சாப்பாட்டு நேரத்தில் துணைக்கு ஆள் இல்லாத நோயாளி யார் என்று பார்த்து வந்து சொல்லு.'

அதன் அருமை மறு வாரம் புரிந்தது. ஐந்தாவது கட்டிலில் சாப்பாட்டுத் தட்டு மூடியபடியே இருந்தது. கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த ஒருவர், தட்டைத் திறக்க முடியாமல், யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன், அவர் ஆயாவை அனுப்பினார். நான் செய்தது பார்த்ததும் சொன்னதும்தான். அந்த வருடம் நான் வைத்த இலக்குகளிலேயே உருப்படியானது, நான் எழுதாத அந்த ஒரு வரிதான்.

காட்டுவதற்கும் நேரம் இருக்கிறது. ரவுண்ட்ஸ் நடக்கும்போதும், டூட்டி மாறும்போதும் போகாதீர்கள். ரவுண்ட்ஸ் முடிந்து கொஞ்சம் ஓய்ந்ததும் போய், 'சிஸ்டர், இதுல எது உங்களுக்கு உதவும், எது இடைஞ்சல்னு சொல்லுங்க' என்று கேளுங்கள். இடைஞ்சல் என்ற வார்த்தையை நாமே சொல்லிவிட்டால் அவர் மனம் திறந்து பேசுவார்.

எல்லைக் கோடு

ஒருமுறை வார்டில் ஒரு பெரியவர் 'ஒரு வாய் தண்ணி குடும்மா, நாக்கு ஒட்டிக்கிச்சு' என்று கேட்டார். வெயில் காலம். பாட்டிலைத் திறந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி 'ஆபரேஷன் கேஸும்மா அவரு!' என்று கத்தியிராவிட்டால் கொடுத்திருப்பேன். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்று வளர்ந்த நமக்கு இது கைக்கு வராது. ஆனாலும் நோயாளிக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட சிஸ்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மருந்து எடுத்துக் கொடுப்பது, கட்டிலிலிருந்து தூக்குவது, ட்ரிப்பைத் தொடுவது, ரிப்போர்ட்டைப் படித்து அர்த்தம் சொல்வது எதுவும் நம் வேலை இல்லை. மருத்துவம் படிக்கிற மாணவர்கள் தொண்டு நேரத்தில் வெள்ளைக் கோட்டு போடாதீர்கள். கோட்டைப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்லத் தோன்றும். பேச்சைத் தொடங்கும்போதே 'நான் டாக்டர் இல்லம்மா, காலேஜ் ஸ்டூடண்ட்' என்று சொல்லிவிடுங்கள்.

போட்டோ கூடாது. வார்டு வாசலில் நின்று எடுக்கும் செல்ஃபியும் கூடாது, பின்னால் யாருடைய கட்டில் தெரிகிறது என்று நமக்குத் தெரியாது. பணம் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது கையைச் சுத்தம் செய்யுங்கள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பு என்றால் 40 முதல் 60 வினாடி தேய்க்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை நிற மருத்துவக் கழிவுத் தொட்டிகளில் எதையும் போடவோ எடுக்கவோ வேண்டாம். தப்பித் தவறி ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். திட்டுவார்களே என்று மறைத்தால் அந்த நேரம் போய்விடும். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள்.

கணக்கு வைப்பதும் மாற்றுவதும்

சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு போதும். தேதி, வேலை, எத்தனை பேர், ஒரு வரிக் குறிப்பு. நோயாளியின் பெயர், கட்டில் எண், நோய் எதையும் எழுதாதீர்கள். பஸ்ஸில் நோட்டு தொலைந்தாலும் யாருடைய கதையும் வெளியே போகக் கூடாது.

மாதம் ஒருமுறை அதை எடுத்துப் பாருங்கள். இலக்கு எட்டவில்லையென்றால் உங்கள் மேல் கோபப்படுவதற்கு முன் மூன்று கேள்வி: எண்ணிக்கை அதிகமா? நேரம் தப்பா? அந்த உதவியே தேவைப்படவில்லையா? பிற்பகலில் ஓபி பக்கம் நின்றுகொண்டு ஆள் வரவில்லை என்று ஒரு மாணவி வருத்தப்பட்டாள். கூட்டம் காலையில் வந்து போய்விட்டது. நேரத்தை மாற்றியதும் எல்லாம் சரியானது.

இலக்கு முடிந்துபோவதும் உண்டு. 'ரிசல்ட் எங்க வாங்கணும்' என்ற கேள்விக்கு நாங்கள் போட்ட கோடுகளை ஆறு வாரம் சேர்த்து அலுவலகத்தில் காட்டினோம். அம்புக்குறி போட்ட ஒரு பலகை வைத்தார்கள். அடுத்த மாதம் அந்தக் கேள்வி பெரிய அளவில் வரவில்லை. நான் அந்த இலக்கை அடித்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது இருந்த சந்தோஷம் எந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியபோதும் வரவில்லை.

செமஸ்டர் நேரத்தில் காணாமல் போகாதீர்கள். மூன்று பேர் என்பதை ஒருவர் என்று குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது இத்தனை வாரம் வர மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழையும் காய்ச்சலும் சேர்ந்து ஓபியில் கூட்டம் கூடும், ஈரத் தரையில் வழுக்கும், எல்லாவற்றுக்கும் நேரம் அதிகமாகும். அந்த மாதங்களில் எண்ணிக்கையைக் குறைத்து எழுதுங்கள்.

போன வாரம் பேசிய ஒருவரின் கட்டில் இந்த வாரம் காலியாக இருக்கும். சில நேரம் அவர் வீட்டுக்குப் போயிருப்பார், சில நேரம் அப்படி இருக்காது. அன்றைக்கு இலக்கு எதுவும் வேண்டாம். உங்களைக் கூட்டிவந்தவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து உட்காருங்கள், யாரிடமாவது பேசுங்கள். தூக்கம் வராமல் நாட்கள் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம், அது அரசின் மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

படிப்பு முடிந்து கிளம்பும்போது உங்கள் இடத்துக்கு வரும் மாணவரை இரண்டு சனிக்கிழமை கூடவே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தேடும் நோயாளிகளிடமும் சிஸ்டரிடமும் அவரை அறிமுகப்படுத்துங்கள். நோட்டில் இருக்கும் வழி, கவுண்டர் நேரம், சிஸ்டர் அடித்த இலக்குகள், ஏன் அடித்தார் என்ற காரணம் எல்லாவற்றையும் ஒரு புதுத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.